குளிசைக்குப் பார்த்த நாள்

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, சூரியன் எழும்பிக் கொஞ்ச நேரத்துக்குள், என் மகள் பெரியபிள்ளையாக வேண்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணை நாள் பார்த்து அனுப்பியிருந்தார். நட்சத்திரம் நல்லது, திதி நல்லது, அந்த நேரம் கனடாவில் பள்ளிக்கூட விடுமுறை. மூன்றும் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம் என்று சாத்திரியார் சொன்னாராம். மூன்றாவதை அவர் எந்தக் கிரகத்தைக் கொண்டு கணித்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு பெண்பிள்ளை பெரியவளாவதற்கு யாராவது முன்கூட்டியே நாள் வைப்பார்களா என்று வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும். வைக்கலாம் என்ற வசதியைத் தந்தது நவீன மருத்துவம். அந்த வசதியைச் சாத்திரியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும் முழுக்க முழுக்க எங்கள் புங்குடுதீவு மூளை.

மகளுக்குப் பத்து வயதில் இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள், நோய் போனது. போன நோய் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. அதைவிடக் கடுமையான மருந்து ஏற்றினார்கள். இந்த முறை அது போவதாகப் பாவனைகூடச் செய்யவில்லை. மருந்து ஒரு பக்கம் ஏற, அது தன் பாட்டில் பெருகியது. கடைசியில் புதிதாக வந்த ஒரு மருந்தால் அதை ஒருவாறு அடக்கிவிட்டு, எங்களைக் கொழும்பில் கூப்பிட்டு இருத்தி, அது மறுபடி தலைதூக்க முன்னர் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும், வேறு வழியில்லை என்றார்கள். என் மூத்த மகனின் என்பு மச்சை, எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற அந்தச் சதை, பொருந்தியது. அவனுடையதை ஏற்ற முன்னர் அவளுடையதை முற்றாக அழிக்க வேண்டும். அதற்கு உடம்பு முழுவதற்கும் கதிர் பாய்ச்ச வேண்டும். பழைய குடிகளை எழுப்பாமல் புதிய குடிகளை இருத்த முடியாது என்று அந்த டொக்டர் உவமை சொன்னார். சண்டைக் காலத்தில் குடியெழும்பி ஓடிய தீவுப்பகுதிப் பெண்ணான எனக்கு அதை இரண்டாம் தரம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை தப்பினாள். இதை ஒரு வசனத்தில் எழுதுகிறேன். இதைவிட நீட்டி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இப்போதும் அவள் இருமினால் நான் அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவருகிறேன்.

தப்பிய பிறகு மூத்தவனின் அணுக்கள் அவளுடைய தோலோடு சண்டை பிடித்தன. "அண்ணா வெளியில செய்ததை இப்ப உள்ளுக்கும் செய்யிறான்" என்றாள். அந்தச் சண்டையை அடக்க ஸ்டெரொயிட் கொடுத்தார்கள். முகம் பூரணச் சந்திரன்போல உப்பியது. அந்த முகத்தோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, பக்கத்து வளவில் இருக்கும் என் கணவரின் அக்கா, என் மச்சாள், வாசற் படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்.

"இப்பதான் பிள்ளை வடிவாச் சதை வைச்சிருக்கு. கொழும்புத் தண்ணி ஒத்துக்கொண்டிட்டுது. நீர்தான் சரியான வத்தல், மச்சாள்."

ஊரில், மடத்துவெளியில், எங்கள் ஒழுங்கையில் ஆள் இருக்கும் வீடுகளைவிடப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் அதிகம். அதனால் கதை பரவ ஆட்கள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே இருப்பவர்கள் பார்க்கிறார்கள்; கனடாவிலும் சுவிசிலும் இருப்பவர்கள் பரப்புகிறார்கள். வேலைப் பிரிவினை ஒழுங்காக நடக்கிறது. முதலில் சில வருடங்கள் எல்லோரும் "போட்டுதோ?" என்று கேட்டார்கள். அது நோய் போய்விட்டதா என்பது. பிள்ளைக்குப் பதின்மூன்று முடிந்ததும் கேள்வி மாறியது. "வந்திட்டுதோ?"

வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அகஞ்சுரக்கும் சுரப்பிகளை வருடா வருடம் கரும்பலகையில் கீறி, அம்புக்குறி போட்டு, ஓமோன்களின் பெயர்களைப் பாடமாக்கச் சொல்கிறவள் நான். கதிர் நோயை மட்டும் தேடிப் பிடித்துச் சுடுவதில்லை. போகிற வழியில் உள்ள சுரப்பிகளையும் சுட்டுவிட்டுப் போகிறது. மகளின் தைரொயிட் சோம்பேறியானது. உயரம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. சூலகங்கள் உறங்கிப்போயின. ஒரு நாள் ஒழுங்கையில் சைக்கிளிலிருந்து சரிந்து மணலில்தான் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்து ஓமோன் டொக்டர், அவர் ஒரு பெண், "இது பென்சன் எடுத்த ஆளின்ர எலும்பு மாதிரி இருக்கு" என்றார்.

எலும்பு இறுகுவதற்குச் சூலகம் சுரக்கும் பெண்பால் ஓமோன் வேண்டும். அதைச் சூலகம் தராவிட்டால் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, தர வேண்டும். சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். கூட்டி வந்து, ஒரு நாள், இனி இரண்டாவது குளிசையையும் சேர்க்கலாம் என்றார் டொக்டர். அதை மாதத்தில் கொஞ்ச நாளைக்குப் போட்டுவிட்டு நிறுத்தினால் அடுத்த சில நாளில் இரத்தம் போகும்.

"பயப்பிடாதேங்கோ. இது நாங்கள் வரவைக்கிறது. எப்ப வருமெண்டு கலண்டரைப் பாத்துச் சொல்லலாம்."

பிறகு மகளைப் பார்த்தே, ஒளிவு மறைவில்லாமல், இன்னொன்றும் சொன்னார். இரத்தம் வந்தாலும் கருமுட்டை உண்டாகாது, பிள்ளை என்ற பேச்சு வரும்போது வேறு வழிகளைப் பார்க்க வேண்டிவரும், அது பிறகு. மகள் தலையாட்டினாள்.

டொக்டர் சொன்ன இரண்டில் முதலாவது மட்டும்தான் என் கணவரின் காதில் விழுந்தது. எங்கள் குடும்பத்து வட்சப் குழுவில் அவர் வருடக்கணக்காகப் போட்டவை எல்லாம் கெட்ட செய்திகள். காய்ச்சல், தொற்று, கும்பிடுங்கோ. ஒரு தடவையாவது ஒரு நல்ல செய்தி போட வேண்டும் என்று அந்த மனிதருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபடியே, நான் பார்க்க முன்னர், எழுதிவிட்டார்: பிள்ளை கெதியில் பெரியபிள்ளையாகிறாள், கலண்டர் பார்த்துச் சொல்லலாமாம்.

பஸ் வேலணை கடக்க முன்னர் அண்ணை அழைத்தார்.

"தங்கச்சி, அப்ப எப்ப?"

"எது அண்ணை?"

"டொக்டர் திகதி தாறாவாமே. ஆவணி எண்டால் எங்களுக்கு வசதி. பெடியளுக்கு லீவு."

"அண்ணை, அது மருந்து. கலியாண நாள் இல்லை."

"அதுதான் சொல்லுறன். மருந்தெண்டபடியால்தானே நாளை மாத்தலாம்."

அண்ணை பொல்லாதவர் அல்ல. பிள்ளை ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த காலம் முழுவதும் அங்கே கோயில் கோயிலாக அர்ச்சனை செய்தவர். ஆனால் ஒரு தடவையாவது வந்து பார்க்க அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு என்றதும் லீவு தானாகக் கிடைத்தது. தாய்மாமன் தண்ணீர் வார்க்காவிட்டால் குறை என்பது சம்பிரதாயம். மருமகள் தலைமயிர் கொட்டிக் கிடக்கும்போது தாய்மாமன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயத்தையும் எங்கள் முன்னோர் யோசித்து வைக்கவில்லை. யோசித்திருந்தால் அதற்கும் வீடியோக்காரன் வந்திருப்பான்.

அடுத்த சில கிழமைகளில் காரியங்கள் மளமளவென்று நடந்தன. யாழ்ப்பாணத்தில் மண்டபம் பதிவாகியது. மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோனுக்கு ஒருவன் ஒழுங்காகினான். பிள்ளையை வேலணைச் சாட்டிக் கடற்கரையில் சோடித்த படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவதாக அண்ணையின் யோசனை. சோடித்த படகு மண்டபத்துக்கு எப்படி வரும் என்று கேட்டதற்கு, "அதை எடிற் பண்ணலாம்" என்றார். கட்டை மயிருக்குச் சவுரி அங்கிருந்தே வரும். மச்சாள் தன் பங்குக்கு ஊர்க்கோழி முட்டை சேர்க்கத் தொடங்கினார். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்காமல் எங்கள் ஊரில் ஒருத்தியும் பெரியவளானதில்லை.

"பச்சை முட்டை இவளுக்குக் கூடாது மச்சாள். கிருமி தொத்தும்" என்றேன்.

"எங்கட கோழியிலயோ? நீர் என்ன கதைக்கிறீர். அது கொழும்புக் கோழியில."

இதற்கெல்லாம் மேலாக வந்தது ருது சாதகம். ஒரு பெண் பெரியபிள்ளையான நேரத்தை வைத்தும் ஒரு சாதகம் எழுதுவார்கள்; கலியாணம் பேசும்போது அதையும் பார்ப்பார்கள். மகளின் பிறந்த சாதகத்தில் இவ்வளவு நோயும் தெளிவாக எழுதியிருக்கிறதாம். இது நோய் வந்த பிறகு சாத்திரியார் கண்டுபிடித்தது. அதற்கு முன்னர் அதே சாதகத்தில் அதே சாத்திரியார் அரசாங்க உத்தியோகம் கண்டிருந்தார்.

அண்ணை இதை எனக்கு மிகவும் பொறுமையாக விளக்கினார்.

"பிறந்த நேரத்தை மாத்தேலாது. அது அம்மாள் விட்ட வழி. ஆனா இது எங்கட கையில இருக்கிற சாதகம். டொக்டரிட்டைக் கேட்டு இரண்டாவது குளிசையை ஒரு கிழமை பிந்தித் தொடங்கினால் நல்ல நட்சத்திரத்தில விழும். நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க, வருத்தக்காரப் பிள்ளை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேலாது. ஊரறியச் செய்தாச்செண்டால் முடிஞ்சுது."

நான் மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. "பாப்பம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் "பாப்பம்" என்றால் மாட்டேன் என்று பொருள். ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்தவருக்கு அது மறந்துபோய்விட்டது. அவர் விமானத்துக்கு ரிக்கற் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்.

"அம்மா, நான் குளிசையை நிப்பாட்டிட்டன்."

"எந்தக் குளிசையை?"

"போட்டுக்கொண்டு இருந்ததை. ரெண்டாவதைத் தொடங்கவும் மாட்டன்."

கணவர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பல வருடங்களாக இந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை மருந்து தவறவிட்டதில்லை. விழுங்கியதைச் சத்தியெடுத்தால் திரும்பக் கொடுத்திருக்கிறேன். நித்திரையால் எழுப்பிக் கொடுத்திருக்கிறேன்.

"எப்ப நிப்பாட்டினனீ?"

"மாமா ஹோல் புக் பண்ணின அண்டைக்கு."

"எலும்பு என்னாகும் எண்டு தெரியும்தானே? டொக்டர் உனக்கு நேராத்தானே சொன்னவ?"

"எலும்பு முறிஞ்சால் பத்துப் போடலாம். வீடியோ எடுத்தால் என்னத்தைப் போடுறது?"

சிரிக்க வேண்டிய பதில். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் பிசைவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எத்தினை வருசமா எல்லாரும் என்ர இரத்தத்தை எண்ணிக்கொண்டு இருக்கிறியள். வெள்ளை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு எண்டு கனடாவில இருக்கிறவைக்கும் தெரியும். நான் ஒண்டும் சொல்லேல்லைத்தானே. இப்ப இதுக்கும் மண்டபம் எடுத்திருக்கினம். அதுவும் பொய்க்கு. குளிசையால வாறதுக்கு நான் வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கொண்டு படகில வர வேணுமாம். எனக்கு ஏலாது."

விஞ்ஞான ஆசிரியைக்கு அந்த நேரத்தில் ஓமோன்களின் தொழிற்பாடு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இவள் இந்தக் குளிசைகளைப் போடாவிட்டால் இருபது வயதில் முதுகு வளையும். ஒரு தும்மலுக்கு எலும்பு முறியும். நோய் அவளைக் கொல்லவில்லை. சொந்தக்காரர் ஒரு படகைச் சோடித்தே அவளை முடமாக்கிவிடுவார்கள்.

அன்று பின்னேரமே அண்ணையை அழைத்தேன்.

"சாமத்திய வீடு இல்லை அண்ணை. நீங்கள் வாறதெண்டால் சும்மா வாங்கோ."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய். எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"பிள்ளைக்கு விருப்பமில்லை. அவள் மருந்தையே நிப்பாட்டிட்டாள்."

அண்ணை, பெரிய இடையூறு ஒன்றுக்கு இலகுவான வழி கண்டவருடைய குரலில் சொன்னார்.

"அப்ப வராட்டிலும் பரவாயில்லை. நாங்கள் அந்த நாளில செய்வம். வந்தது வராதது ஆர் பாக்கப் போயினம்?"

அதுவரை எனக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. வயதில் மூத்தவர், தூரத்திலிருந்தாலும் நல்லது நினைத்தவர். அந்த ஒரு வசனத்தோடு நடுக்கம் போய்விட்டது. அவருக்கு மருந்து வேண்டாம், எலும்பு வேண்டாம், இரத்தம்கூட வேண்டாம். மண்டபம் போதும்.

"அப்ப நீங்களே மணவறையில இருங்கோ அண்ணை" என்றேன். "நட்சத்திரம் வீணாப்போகாது. சவுரியும் வருதுதானே. மச்சாள் முட்டை சேத்து வைச்சிருக்கிறா, குடிக்கலாம்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் வட்சப் குழுவில் ஒரு வரி போட்டேன்: சாமத்திய வீடு நடக்காது, காரணம் கேட்க வேண்டாம். கேட்க வேண்டாம் என்றதால் எல்லோரும் கேட்டார்கள். சுவிசில் இருக்கும் ஒருவர் அழுகிற முகம் ஒன்றை மட்டும் போட்டார். அவர் எதற்கும் அதைத்தான் போடுவார். பிறந்தநாளுக்கும் போட்டிருக்கிறார்.

மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை, தொலைபேசியை வாங்கிக் குழுவைப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

"இனிக் குளிசை போடுவாய்தானே?"

"போடுறன். ஆனா ஒண்டு. வந்தால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"சொல்ல வேண்டாம். நானும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"உங்களுக்கும் சொல்லமாட்டன் அம்மா."

நான் அவளைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நான் உன்ர தாய்."

"அதுதான். தாய்க்குத் தெரிஞ்சால் முகத்தில தெரியும். மாமி படலையடியில நிண்டு அதை வாசிச்சிடுவா."

"டொக்டருக்கு?"

"டொக்டருக்குச் சொல்லுவன். நான் தனியப் போய்."

இந்தப் பிள்ளையின் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கவில்லை. எந்த நரம்பில் ஊசி ஏறும், எந்த மருந்துக்கு எந்தப் பக்கம் சொறியும் என்று தாதிமாருக்கே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஊழியத்திலிருந்து என்னை ஒரு கதவால் வெளியே விடுகிறாள். பேரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. சரி என்றேன். அவள் எழும்பிப் போய்க் குளிசையை எடுத்து, என் முன்னால், தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாதபடியால் அண்ணை குடும்பமாக வந்தார். மண்டபத்தையும் விட முடியாது. யோசித்து, சாத்திரியார் குறித்த அதே வியாழக்கிழமை, தன் அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். உண்மையில் அது முடிந்து சில மாதங்களாகிவிட்டன. ஆனால் நாள் நல்ல நாள். சாட்டியில் படகு சோடித்து, பட்டு வேட்டியோடு ஏறி நின்று, ட்ரோன் தலைக்கு மேலே இரைய, கரையில் வந்து இறங்கினார். கடலில் குளிக்க வந்த சனம் அரசியல்வாதி என்று நினைத்துக் கைதட்டியது. என் மகள் அன்று முழுவதும் சிரித்தபடி இருந்தாள். மாமனுக்குக் கேக் ஊட்டினாள். அவரும் என்னோடு கோபத்தை மறந்து கதைத்தார், ஒன்றைத் தவிர எல்லாவற்றையும்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு மச்சாள் ஒரு பின்னேரம் படலையடியில் பிடித்துக்கொண்டார்.

"எனக்கெண்டாலும் சொல்லும் மச்சாள். வந்திட்டுதோ?"

"தெரியாது."

"தாய்க்குத் தெரியாமலோ?"

"உண்மையாத் தெரியாது மச்சாள்."

"நீர் முந்தி இப்பிடிப் பொய் சொல்லுறேல்லை" என்றார், மிகவும் நொந்துபோய். என் வாழ்நாளில் நான் உறவினருக்குச் சொன்ன கலப்பில்லாத உண்மைகளில் அது ஒன்று.

அதற்குப் பிறகு கிளினிக்குக்கு நாங்கள் சேர்ந்துதான் போகிறோம். பெயர் கூப்பிட்டதும் அவள் மட்டும் எழும்பிப் போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. நான் வெளியே மர வாங்கில் இருக்கிறேன். முதல் தடவை பழக்கதோசத்தில் பின்னால் எழும்பிப் போய், கதவுவரை போய், திரும்பி வந்து இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "மகள் கோவமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்கும். சொற்கள் கேட்காது. வெளியே வரும்போது அவள் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

"பாக்காதேங்கோ அம்மா" என்பாள்.

போன முறை கதவு திறந்தபோது அவளோடு டொக்டரும் வாசலுக்கு வந்தார். கையில் எலும்புப் படம் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, சொல்லலாமா என்பதுபோல மகளைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எலும்பை அம்மாவுக்குச் சொல்லலாம் டொக்டர்."

"எலும்பு இறுகுது" என்றார் அவர்.